கூடாரப் படியும் கோயில் நிலமும்

சென்னைத் தீவுத்திடல் அருகே குதிரைமேல் வீற்றிருக்கும் மன்றோவைத் தமிழ்நாட்டில் அறியாதவர் குறைவு. திருவனந்தபுரத்தின் வரலாற்றில் வரும் மன்றோ வேறு ஆள். சென்னைச் சிலைக்கு உரியவர் கிளாஸ்கோவில் பிறந்த தாமஸ் மன்றோ. ரயத்துவாரி முறையோடு பெயர் சேர்ந்துவிட்டவர். 1827இல் சென்னை கவர்னராக இருக்கும்போதே இறந்தவர். திருவிதாங்கூரின் மன்றோவோ ஜான். ஸ்காட்லாந்தின் வடபகுதியில் ராஸ்ஷயரில் டீனினிச் என்னும் பண்ணைக்கு உரிய குடும்பத்தில் 1778இல் பிறந்தவர். தளபதிப் பதவி வரை உயர்ந்து, 1858இல் அதே மண்ணில் இறந்தவர். இருவரும் ஸ்காட்லாந்துக்காரர்கள், இருவரும் ஒரே காலத்தில் மதராஸ் ராணுவத்தில் இருந்தவர்கள், இருவருமே கணக்கில் புலிகள். ஜான் மன்றோ 1810 முதல் 1819 வரை திருவிதாங்கூரிலும் கொச்சியிலும் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரதிநிதியாக, அதாவது ரெசிடெண்டாக, இருந்தார். அதில் 1811 முதல் 1814 வரை திருவிதாங்கூரின் திவானும் அவரே. இந்தக் காலத்தைப் பற்றி இரண்டு சித்திரங்கள் வழங்குகின்றன. சீர்குலைந்து கிடந்த நாட்டுக்கு நீதிமன்றமும் ஒழுங்கான நிர்வாகமும் தந்த நல்லவர் என்பது ஒன்று. கோயில் சொத்தை அரசுக் கஜானாவில் கொட்டிக் கம்பெனியின் கப்பத்தைக் கட்டியவர், போகிற போக்கில் மிஷனரிகளுக்கு வாசலைத் திறந்துவிட்டவர் என்பது மற்றொன்று. இரண்டுக்கும் சான்றுகள் உண்டு. ஆனால் இரண்டுமே கதையை 1810இல் தொடங்குகின்றன, பிழை அங்கேதான். அவர் திருவனந்தபுரத்துக்கு வருவதற்கு முன்பு சென்னையில் எழுதிய ஓர் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால், திருவிதாங்கூரில் அவர் செய்ததும் செய்யாமல் விட்டதும் ஒரே தர்க்கத்தில் வந்து நிற்கின்றன.

அந்த அறிக்கை கூடாரங்களைப் பற்றியது. மதராஸ் ராணுவத்தில் சிப்பாய்ப் பட்டாளத்துக்குத் தலைமை தாங்கும் வெள்ளை அதிகாரிக்கு மாதந்தோறும் ஒரு தொகை கொடுத்துவிடுவார்கள். பட்டாளத்துக்கு வேண்டிய கூடாரம், அதைச் சுமக்கும் மாடு, அடித்து நிறுத்தும் லஸ்கர் ஆட்கள் எல்லாவற்றையும் அந்தப் பணத்தில் அவரே பார்த்துக்கொள்ள வேண்டும். சண்டை நடந்தாலும் நடக்காவிட்டாலும் தொகை ஒன்றுதான். படை நகரும்போது துணி கிழியும், மாடு சாகும், செலவு கையைக் கடிக்கும். பாசறையில் சும்மா கிடக்கும் மாதங்களில் செலவே இல்லை. மிஞ்சுவது அதிகாரியின் பைக்குள் போகும். மாடுகளே வாங்காமல் கணக்கில் மட்டும் வைத்திருந்தால் இன்னும் நல்லது. சம்பளத்தைவிட இந்த மிச்சத்தை நம்பித்தான் பல அதிகாரிகள் ஊர் திரும்பும் கனவை வளர்த்தார்கள். ஜான் மன்றோவுக்கு முப்பது வயது நிறையும் முன்பே மதராஸ் ராணுவத்தின் குவார்ட்டர் மாஸ்டர் ஜெனரல் பதவி கிடைத்திருந்தது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டினத்தில் போரிட்டவர் என்றாலும், அவரை மேலே ஏற்றியது வாளைவிடப் பேனாதான். பாரசீகம், அரபு உட்படப் பல மொழிகள் அறிந்தவர். அடுத்தடுத்து வந்த தலைமைத் தளபதிகளுக்குச் செயலாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் இருந்தவர். வேலூர்ச் சிப்பாய்ப் புரட்சிக்குக் காரணமான தலைப்பாகை உத்தரவுக்குப் பெயர்போன சர் ஜான் கிராடக்தான் இந்தக் கூடாரக் கணக்கை ஆராயச் சொன்னவர். மன்றோ ஆராய்ந்து, இந்த முறை அதிகாரியின் சொந்த லாபத்தையும் கடமையையும் எதிரெதிராக நிறுத்துகிறது, ஒழித்துவிடலாம் என்று எழுதிக் கொடுத்தார். 1808இல் ஒழித்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது கம்பெனியின் வரலாற்றிலேயே வெட்கக்கேடான அத்தியாயங்களில் ஒன்று. மன்றோ எந்த அதிகாரியின் பெயரையும் சொல்லித் திருடன் என்று எழுதவில்லை. முறையைத்தான் குறை சொன்னார். ஆனாலும் தொப்பி எல்லார் தலையிலும் பொருந்தியது. தங்கள் மானம் போய்விட்டது என்று பட்டாளத் தலைவர்கள் அவர்மீது குற்றச்சாட்டு எழுதிக் கொடுத்தார்கள். நிர்வாக சபையில் தமக்கு இடம் கிடைக்கவில்லை என்று ஏற்கெனவே குமைந்துகொண்டிருந்த தலைமைத் தளபதி ஹே மக்டோவல், 1809 ஜனவரியில் மன்றோவைக் கைது செய்து வைத்தார். கவர்னர் ஜார்ஜ் பார்லோ விடுவிக்கச் சொன்னார். மக்டோவல் வேண்டாவெறுப்பாக விடுவித்து, மன்றோவைக் கடிந்து ஒரு படை உத்தரவு போட்டுவிட்டுக் கப்பலேறினார். அந்தக் கப்பல் கரை சேரவே இல்லை. உத்தரவை வெளியிட்ட அதிகாரிகளைப் பார்லோ இடைநீக்கம் செய்யப்போக, மசூலிப்பட்டினத்திலும் ஹைதராபாத்திலும் ஸ்ரீரங்கப்பட்டினத்திலும் வெள்ளை அதிகாரிகளே அரசுக்கு எதிராக எழுந்தார்கள். ஸ்ரீரங்கப்பட்டினத்து அதிகாரிகளோடு சேரச் சித்ரதுர்காவிலிருந்து வந்த பட்டாளங்கள்மீது அரசுப் படை பாய்ந்தது. செத்தவர்கள் பெரும்பாலும் இந்தியச் சிப்பாய்கள். அதிகாரிகளில் பெரும்பாலோர் மன்னிக்கப்பட்டார்கள். கூடாரப் படியில் ஒரு காசுகூடப் பார்க்காதவன் அதற்காக உயிரைக் கொடுத்தான் என்பது இந்தக் கலகத்தின் கணக்கு.

இதே 1809 ஜனவரியில்தான் தெற்கே இன்னொரு கலகம் உச்சத்தில் இருந்தது. தலக்குளத்தில், அதாவது இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், பிறந்த, திருவிதாங்கூரின் தலைமை அமைச்சரான வேலுத்தம்பி தளவாய் குண்டறையில் தம் அறைகூவலை வெளியிட்டது அந்த மாதம். அதன் வேரும் படியும் பணமும்தான். 1804இல் நாயர் படையின் படியைக் குறைக்க வேலுத்தம்பியே முயன்றபோது படை கலகம் செய்தது; கம்பெனியின் உதவியோடு அதை அடக்கினார்கள். அந்த உதவியைக் காட்டி ரெசிடெண்ட் காலின் மெக்காலே (கல்விக் குறிப்பால் நமக்குத் தெரிந்த மெக்காலேயின் பெரியப்பா) 1805இல் புது உடன்படிக்கையைத் திணித்தார். கம்பெனிப் படையின் செலவுக்கு ஆண்டுதோறும் 8 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். கட்ட முடியாமல் போனால் நாட்டின் நிர்வாகத்தைக் கம்பெனி தானே எடுத்துக்கொள்ளலாம் என்ற ஷரத்தும் அதில் இருந்தது. தொகை கட்டுப்படியாகவில்லை. பாக்கி ஏறியது, நெருக்கடி முற்றியது. 1808 டிசம்பர் கடைசியில் கொச்சியின் மந்திரி பாலியத்து அச்சனும் வேலுத்தம்பியும் கொச்சியில் ரெசிடெண்டின் மாளிகையைத் தாக்கினார்கள். மெக்காலே தப்பினார். பிப்ரவரியில் கம்பெனிப் படை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக உள்ளே வந்தது. மார்ச்சில் மண்ணடிக் கோயிலில் வேலுத்தம்பி உயிர் துறந்தார். அந்த உடலைத் திருவனந்தபுரத்தில் கண்ணம்மூலையில் தொங்கவிட்டார்கள். செத்த உடலை இப்படிச் செய்ததைக் கவர்னர் ஜெனரல் மிண்டோ பிரபுவே ஏற்கவில்லை.

ஆக, ஒரே பருவத்தில் மதராஸ் ராணுவம் இரண்டு கலகங்களைச் சந்தித்தது. ஒன்று ராணுவச் செலவைக் கட்ட முடியாத நாட்டின் கலகம். இன்னொன்று ராணுவச் செலவில் லாபம் பார்த்தவர்களின் கலகம். இரண்டாவதற்குத் தூண்டுகோலாக இருந்தவரையே முதலாவது நடந்த நாட்டுக்கு அடுத்த ஆண்டு அனுப்பினார்கள். தன் சகாக்களில் பாதிப்பேர் முகம் கொடுத்துப் பேசாத அதிகாரிக்கு ராணுவத் தலைமையகத்தில் இனி என்ன வேலை? கம்பெனிக்கும் வராத பாக்கியை வசூலிக்க ஒரு கணக்குப்பிள்ளை வேண்டும். திருவிதாங்கூருக்கு ரெசிடெண்டாக மன்றோ வந்ததை இப்படித்தான் படிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அவர் வந்த ஆண்டின் இறுதியில் மகாராஜா பாலராம வர்மா இறந்தார். அரசுரிமை கோரிய கேரள வர்மாவை மன்றோ ஏற்கவில்லை; பிற்பாடு அவரை நாட்டைவிட்டு அகற்றிச் செங்கல்பட்டு வரை கொண்டுபோய் வைத்தார்கள். இருபது வயதையொட்டிய கௌரி லட்சுமி பாய் அரியணை ஏறினார். அப்போதைய தளவாய் உம்மிணித் தம்பிக்கும் ரெசிடெண்டுக்கும் ஒத்துப்போகவில்லை, பாக்கியும் தீரவில்லை. 1811இல் ராணி தளவாயை நீக்கிவிட்டு, திவான் பொறுப்பை ரெசிடெண்டிடமே ஒப்படைத்தார். இதை ஒரு பொம்மை அரசியின் கையெழுத்து என்று ஒதுக்குவது எளிது. ஆனால் ராணியின் இடத்தில் நின்று யோசித்தால் அவருக்கு இருந்த வழிகள் மிகக் குறைவு. உள்ளூர்ப் பெருமக்களில் யாரைத் தளவாயாக்கினாலும் எதிரணி ஒன்று கிளம்பும். பாக்கி நீடித்தால் ஷரத்தின்படி நாடே கைமாறும். கடன்காரனின் ஏஜெண்டையே காரியஸ்தனாக வைத்துக்கொண்டால், குறைந்தபட்சம் ஜப்தி வராது. ராணி தேர்ந்தது இந்த வழியை. அரியணை தப்பியது. 1813 ஏப்ரலில் பிறந்த சுவாதித் திருநாளுக்கு ஆள ஒரு நாடு மிச்சமிருந்தது என்றால் அதில் இந்த முடிவுக்குப் பங்கு உண்டு. அந்தக் குழந்தைக்காக இரயிம்மன் தம்பி எழுதிய தாலாட்டைக் கேரளம் இன்றும் பாடுகிறது. அந்தத் தொட்டிலுக்கு மேலே கம்பெனியின் கணக்குப் புத்தகமும் தொங்கிக்கொண்டிருந்தது.

திவானாக மன்றோ செய்தவற்றை வரிசையாகச் சொல்லிப் போனால் அலுப்புத் தட்டும்; அவற்றின் ஊடே ஓடும் இழை ஒன்றுதான். அதுவரை மாவட்ட அளவில் இருந்த காரியக்காரர் வரி வசூலிப்பார், வழக்குத் தீர்ப்பார், திருடனைப் பிடிப்பார், ஆயுதம் ஏந்திய ஆட்களையும் வைத்திருப்பார். அபராதம் போடுபவரும் அபராதத்தைக் கையில் வாங்குபவரும் ஒருவரே என்றால் தீர்ப்பு எப்படி இருக்கும் என்று கூடார அறிக்கை எழுதியவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மன்றோ இந்த அதிகாரங்களைப் பிரித்தார். வசூலுக்குத் தாசில்தார், வழக்குக்குத் தனி நீதிமன்றம். பத்மநாபபுரம், திருவனந்தபுரம், மாவேலிக்கரை, வைக்கம், ஆலுவா ஆகிய இடங்களில் ஜில்லா நீதிமன்றங்களும் மேலே ஓர் அப்பீல் நீதிமன்றமும் வந்தன. சட்டவரியோலை என்ற பெயரில் நடைமுறை விதிகள் தொகுக்கப்பட்டன. நீதிபதிகளில் நாயர், பிராமணர்களோடு சிரியன் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். தர்மசாஸ்திரம் சொல்ல ஒரு சாஸ்திரியும் கூட அமர்ந்தார். அதிகாரிக்குப் பணம் சம்பளமாக வர வேண்டும், வேலையின் மிச்சமாக வரக்கூடாது என்பதே அடிப்படை. கம்பெனியின் மற்ற மாவட்டங்களில் இதே சமயம் கலெக்டருக்கே மாஜிஸ்திரேட் அதிகாரத்தையும் கொடுத்து ஒரே கையில் குவிக்க வேண்டும் என்று வாதாடிக்கொண்டிருந்தவர், சென்னைச் சிலையில் இருக்கும் அந்த இன்னொரு மன்றோ. பெயர் ஒன்று, தொழில் ஒன்று, நாடும் ஒன்று. முடிவு மட்டும் நேர் எதிர்.

இந்த இழை மிகத் துல்லியமாகத் தெரியும் இடம் தேவசுவம், அதாவது கோயில் சொத்து. திருவிதாங்கூர்க் கோயில்களுக்குக் காலங்காலமாக நிலம் சேர்ந்திருந்தது. ஊராளர் என்ற நிர்வாகக் குடும்பங்கள் அந்த நிலத்தை அனுபவித்து, அதில் வரும் நெல்லைக் கொண்டு பூசை நடத்தினார்கள். நாஞ்சில் நாட்டுச் சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலில் யோகக்காரர்கள் இருந்தார்கள்; மற்ற இடங்களில் நம்பூதிரி இல்லங்கள். நிலமும் அவர்கள் கையில், பூசையும் அவர்கள் பொறுப்பில். நிவேத்தியத்தில் ஒரு நாழி குறைந்தால் அந்த நாழி வீட்டுக்குப் போகும். விளக்கில் திரி குறைந்தால் எண்ணெய் மிச்சம். கூடாரத்துக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? மன்றோவின் கண்ணில் எதுவும் இல்லை. மேல்கோய்மை என்ற பழைய அரச உரிமையைக் காரணம் காட்டி, 1811இல் தொடங்கி முன்னூற்றுக்கும் மேற்பட்ட பெரிய தேவசுவங்களையும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறியவற்றையும் அவற்றின் நிலங்களோடு அரசு எடுத்துக்கொண்டது. நிலம் வருவாய்த்துறைக்குப் போனது. பூசை, திருவிழா, ஊட்டு, கூலி என்று ஒவ்வொரு கோயிலுக்கும் செலவுப் பட்டியல் போட்டுப் 'பதிவு' என்று நிலைநாட்டினார்கள். இன்ன கோயிலுக்கு இத்தனை நாழி அரிசி, இவ்வளவு எண்ணெய், மேளம் கொட்டும் மாரானுக்கும் மாலை கட்டும் கழகக்காரனுக்கும் இன்ன அளவு என்று குவார்ட்டர் மாஸ்டர் ஒருவர் பட்டாளத்துக்கு ரேஷன் எழுதுவதைப் போலவே அது எழுதப்பட்டது. கவனிக்க வேண்டியது, இந்த நாடே 1750இல் மார்த்தாண்ட வர்மாவால் பத்மநாபசுவாமிக்கு எழுதி வைக்கப்பட்டது; அரசர்கள் பத்மநாப தாசர்கள். அந்தத் தெய்வத்தின் காரியஸ்தராக இருந்துகொண்டு மற்றத் தெய்வங்களின் பத்தாயத்தை அளந்தவர் ஒரு ஸ்காட்லாந்துக் கிறிஸ்தவர்.

இங்கேதான் முதல் மறுப்பு வருகிறது. அவர் கிறிஸ்தவர், அதுவும் தீவிரமான கிறிஸ்தவர். கோயிலை ஒடுக்குவதே நோக்கம், கணக்கு வெறும் சாக்கு என்பார்கள். சான்று இல்லாத பேச்சு அன்று இது. கோட்டயத்தில் சிரியன் கிறிஸ்தவர்களுக்கான செமினரி அவர் ஊக்கத்தில் எழுந்தது. அதற்கு அரசுப் பணம் வந்தது. கல்லடையாறு அஷ்டமுடிக் காயலில் கலக்கும் இடத்திலுள்ள தீவுநிலம் சர்ச் மிஷன் சொசைட்டியிடம் போய், இன்றும் மன்றோத்துருத்து என்ற பெயரோடு நிற்கிறது. வேலுத்தம்பி அறைகூவல் விடுத்த குண்டறை அங்கிருந்து கூப்பிடு தூரம். நாகர்கோவிலில் லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மீடு 1818இல் வந்து இறங்கியதும் அவரையே நீதிபதியாகவும் ஆக்கினார்கள். கிறிஸ்தவர்களாக மாறிய நாடார் பெண்கள் மேலாடை அணிவது பற்றி மன்றோவின் காலத்தில் வந்த உத்தரவுதான் பின்னர் நெடிய தோள்சீலைப் போராட்டத்தின் தொடக்கப்புள்ளி. இதையெல்லாம் மறைத்து மன்றோவை நடுநிலையான கணக்காளராக வரைய முடியாது. ஆனால் நோக்கம் கோயிலை ஒடுக்குவதுதான் என்றால் பதிவுப் பட்டியல் எதற்கு? நிலத்தை எடுத்த கையோடு பூசையைக் கைவிட்டிருக்கலாமே. அவர் அப்படிச் செய்யவில்லை. அரசே பூசை நடத்தும் பொறுப்பை ஏற்றது. வெள்ளைத் திவானின் கையெழுத்தில் திருவிழாச் செலவு ஓடியது. இந்தியாவில் கம்பெனி அரசு கோயில் நிர்வாகத்தில் கை வைப்பதே பாவம் என்று அடுத்த தலைமுறை மிஷனரிகள் இங்கிலாந்தில் கூச்சல் போட்டபோது, அவர்கள் ஆட்சேபித்தது இதைப் போன்ற ஏற்பாட்டைத்தான். மதப்பற்று அவர் எங்கே தாராளமாக இருந்தார் என்பதை விளக்குகிறது. எங்கே கை வைத்தார் என்பதை அது விளக்குவதில்லை.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. கொள்கையாவது மண்ணாவது, 8 லட்சம் கட்ட வேண்டியிருந்தது, கோயில் நிலம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, எடுத்தார் என்பது. பணத் தேவை இல்லாமல் 1811இல் இந்த வேகம் வந்திருக்காது என்பதில் சந்தேகமில்லை. அவர் காலத்தில் பாக்கி தீர்ந்தது; புகையிலை, மிளகு, உப்பு ஆகியவற்றில் அரசின் தனியுரிமை வருவாய் இறுக்கிப் பிடிக்கப்பட்டது. யாழ்ப்பாணத்துப் புகையிலைக்குத் திருவிதாங்கூர் பெரிய சந்தை. யாழ்ப்பாணத்தில் விளைந்த இலையும் கம்பெனிப் படையின் சோற்றுக்கு உதவியது. ஆனால் பணம் மட்டுமே குறி என்றால் காரியக்காரரைத் தாசில்தாராக்கி நீதிமன்றத்தைப் பிரித்துச் சம்பளம் கொடுப்பது வீண் செலவு. பழைய தளவாய்களைப் போல மிரட்டி வசூலித்திருந்தால் மலிவாக முடிந்திருக்கும். வேலுத்தம்பியே கணக்கிலும் தண்டனையிலும் ஈவிரக்கம் காட்டாதவர்; அந்த வழி தெரியாத நாடல்ல அது. மன்றோ நம்பியது வேறு: வசூல் செய்பவனுக்கு மிச்சத்தில் பங்கில்லாவிட்டால் அரசுக்கு வருவது தானாகவே கூடும் என்று. சீர்திருத்தமும் கப்ப வசூலும் அவருக்கு ஒரே காரியம். நல்லவரா கொள்ளைக்காரரா என்ற கேள்வி அந்த மூளைக்குப் புரிந்தே இருக்காது.

இந்தத் தர்க்கம் எங்கே போய் நிற்கும் என்பதற்கு 1812இன் அடிமைப் பிரகடனம் சாட்சி. லட்சுமி பாயின் பெயரில் அந்த ஆண்டு டிசம்பரில் அடிமைகளை வாங்குவதும் விற்பதும் தடை செய்யப்பட்டது. பள்ளிப் பாடங்களில் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் நிலத்தோடு சேர்ந்த விவசாய அடிமைகளுக்குத் தடை பொருந்தாது என்ற விலக்கு அதிலேயே இருந்தது. திருவிதாங்கூரில் அடிமைகளில் மிகப் பெரும்பாலோர் புலையர், பறையர், குறவர் என்று வயலில் உழைத்தவர்கள்தான். ஆக யாருக்காகச் சட்டமோ அவர்களுக்கு அது இல்லை. ஏன்? நெல் வருவாய் அவர்கள் முதுகில் நின்றது. கோயில் நிலங்கள் அரசுக்கு வந்தபின் அந்த நிலங்களில் கட்டுண்டு கிடந்தவர்களும் அரசின் சொத்தாகவே வந்து சேர்ந்தார்கள். கோட்டயத்து மிஷனரிகளுக்கு நன்கொடை கொடுத்த அதே நிர்வாகம் இந்த விலக்கையும் எழுதியது. மத உணர்வு வழிநடத்தியிருந்தால் இங்கேதான் அது பேசியிருக்க வேண்டும். அவர்களின் விடுதலைக்கு 1850கள் வரை காத்திருக்க நேர்ந்தது.

இதுவரை சொன்னது மன்றோ தம் கொள்கைக்கு உண்மையாக இருந்த கதை. அவர் அதை மீறிய இடம் அவருடைய நாற்காலியே. கடமையும் லாபமும் ஒரே கையில் சேரக்கூடாது என்று எழுதியவர், கடன் கொடுத்தவரின் பிரதிநிதியாகவும் கடன்பட்டவரின் காரியஸ்தராகவும் ஒருசேர அமர்ந்தார். திருவிதாங்கூர்த் திவான் ஏதாவது தவறு செய்தால் ராணி யாரிடம் முறையிட வேண்டும்? ரெசிடெண்டிடம். ரெசிடெண்ட் கப்பத்தைக் கூட்டிக் கேட்டால் நாட்டின் சார்பில் வாதாட வேண்டியவர் யார்? திவான். 1812 முதல் கொச்சியிலும் இதே இரட்டை வேடம். அங்கே 1818 வரை திவான் பொறுப்பு அவரிடம்தான் இருந்தது. பிறகு கோயம்புத்தூர்க்காரரான நஞ்சப்பய்யா அந்த இடத்துக்கு வந்தார். இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தலைமைக் கச்சேரியான ஹுசூர் அப்போது திருவனந்தபுரத்தில் இல்லை, கொல்லத்தில் இருந்தது. கம்பெனியின் துணைப் படை முகாமிட்டிருந்ததும் கொல்லமே. அரசி அரண்மனையில் இருக்க, கணக்கும் துப்பாக்கியும் நாற்பது மைலுக்கு அப்பால் ஒன்றின் அருகே ஒன்றாக இருந்தன. சுவாதித் திருநாள் வளர்ந்து ஆட்சிக்கு வந்தபின்தான் ஹுசூர் திருவனந்தபுரத்துக்கு மாறியது. தலைநகர் என்ற பெயருக்குத் தகுந்த நிர்வாகம் அப்போதுதான் கோட்டைக்குள் வந்தது.

அவர் நேர்மையானவர், சொந்தப் பையை நிரப்பவில்லை, அதனால் இரட்டைப் பதவியால் கெடுதல் இல்லை என்று சொல்லலாம். கூடாரப் படி வாங்கிய அதிகாரிகளும் இதையேதான் சொன்னார்கள்: நாங்கள் கௌரவமானவர்கள், எங்களைச் சந்தேகிப்பதா என்று. அதற்கு மன்றோவின் அறிக்கை தந்த பதில் தெளிவானது. மனிதர்களின் யோக்கியதையை நம்பி முறையை வைக்கக்கூடாது. 1814இல் அவர் திவான் பதவியை விட்டு விலகி உள்ளூர்க்காரர்களிடம் அதைத் திருப்பிக் கொடுத்தார் என்பது அவர் பக்கம் சேர வேண்டிய நியாயம். ஆனால் திவானை நியமிப்பதும் நீக்குவதும் ரெசிடெண்டின் காரியம் என்ற பழக்கம் அவரோடு போகவில்லை. 1840இல் இதே மதராஸ் ராணுவத்திலிருந்து ரெசிடெண்டாக வந்த ஜெனரல் வில்லியம் கல்லன், தமக்கு வேண்டிய கிருஷ்ண ராவை முன்னிறுத்திச் சுவாதித் திருநாளை மூலையில் உட்காரவைத்தபோது புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. வழி முன்பே போடப்பட்டிருந்தது.

கோயில் நிலத்திலும் கூடாரம் தலைகீழாகத் திரும்பி வந்தது. பதிவு ஒரு நிலைத்த செலவு. நிலத்தின் வருவாயோ வளரக்கூடியது. நெல் விலை ஏற ஏற, வரி கூடக் கூட, இரண்டுக்கும் இடையிலுள்ள மிச்சம் அரசின் பைக்குப் போனது. மாடு வாங்காமல் மாதத் தொகை வாங்கிய அதிகாரியின் இடத்தில் இப்போது அரசே அமர்ந்திருந்தது. நிவேத்தியம் குறைந்தால் ஆதாயம் ஊராளருக்குப் பதிலாகக் கஜானாவுக்கு. ஊராளரைக் கேட்க அரசு இருந்தது. அரசைக் கேட்க யாரும் இல்லை. இன்னொரு விளைவை மன்றோ கனவிலும் எதிர்பார்த்திருக்க மாட்டார். கோயிலும் நிலவரியும் ஒரே துறைக்குள் அடைபட்டதால், வருவாய்த்துறை அதிகாரிக்குக் கோயிலுக்குள் போய்வரும் உரிமை இருக்க வேண்டும் என்றாகிவிட்டது. ஆகவே கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் ஈழவர், நாடார் முதலியோருக்கும் அந்தத் துறையின் கதவு சாத்தப்பட்டது. சிரியன் கிறிஸ்தவர்களை நீதிபதிகளாக்கி மகிழ்ந்தவர் போட்ட ஏற்பாடே, ஒரு நூற்றாண்டு அவர்களைத் தாசில்தார் ஆகவிடாமல் தடுத்தது. 1919இல் குடியுரிமைச் சங்கம் அமைத்து இவர்கள் சேர்ந்து போராடிய பிறகு, 1922 ஏப்ரலில் மகாராஜா மூலம் திருநாள் தேவசுவப் பிரகடனம் வெளியிட்டார். துறைகள் பிரிந்தன, கோயில் நிலங்களை அரசு எடுத்ததற்கு ஈடாக நிலவரியில் குறிப்பிட்ட இனங்களின் வருவாயில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் தேவசுவத்துக்குத் தருவது என்று முடிவானது. வருவாய் கூடினால் பங்கும் கூடும். 1811இன் கணக்கிலிருந்த ஓட்டையை அடைத்த ஏற்பாடு அது ஒன்றுதான்.

அதுவும் நீடிக்கவில்லை. திருவிதாங்கூரும் கொச்சியும் 1949இல் இணைந்தபோது பங்கு மறுபடியும் நிலைத்த தொகையானது. மாநிலங்கள் மொழிவழி பிரிந்த 1956இல் அந்தப் பொறுப்பையும் பிரித்து, அரசியல் சாசனத்தில் 290ஏ என்ற பிரிவாகச் சேர்த்தார்கள். ஆண்டுதோறும் கேரளம் திருவிதாங்கூர் தேவசுவ நிதிக்கு 46 லட்சத்து 50 ஆயிரம் ரூபாயும், கன்னியாகுமரி மாவட்டத்தோடு வந்து சேர்ந்த கோயில்களுக்காகத் தமிழ்நாடு 13 லட்சத்து 50 ஆயிரம் ரூபாயும் தர வேண்டும் என்பது அதன் வாசகம். சுசீந்திரத்துக்கும் வேளிமலைக்கும் மற்றக் கோயில்களுக்கும் சேர்த்து அன்று கணக்கிட்ட தொகை அது. விலைவாசி எத்தனை மடங்கு ஏறினால் அதைத் திருத்த வேண்டும் என்று அந்தப் பிரிவில் ஒரு வார்த்தை கிடையாது.